மாத நாவல் காத்த மொழி: இப்னெ ஸஃபீயும் உருது வாசகரும்

ஒரு மொழியின் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசவைப் புலவரில் தொடங்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியரில் முடிப்பர். புகைவண்டி நிலையத்துப் புத்தகக் கடையில் எது விற்றது, வாடகை நூல் நிலையத்தில் எந்த நூலுக்காக இளைஞர் முறை வைத்துக் காத்திருந்தனர், வீட்டு வேலை ஓய்ந்த பின் பெண்கள் எதைக் கையில் எடுத்தனர் என்பன அவ்வரலாற்றில் இடம் பெறுவதில்லை. ஆயினும் ஒரு மொழிக்கு நெருக்கடி நேரும்போது அதன் வாசகரைச் சிதறாமல் காத்து நிற்பது அரசவைக் கவிதையா, புத்தகக் கடையில் தொங்கும் மாத நாவலா என்று கேட்டால், விடை நாம் எதிர்பார்ப்பது போல் அமையாது.

இதற்குச் சான்றாக ஆராயத்தக்கது, 1950களில் உருது மொழியில் மிகப் பெரும் வாசகர் கூட்டத்தை ஈர்த்த இப்னெ ஸஃபீயின் துப்பறியும் நாவல்களின் வரலாறு. உருது பேசும் நகரங்களில் அப்பெயரை அறியாத வீடு அரிது. தமிழ் முஸ்லிம்களாகிய நம்மில் பலருக்கோ அவர் புதியவர். எனினும் அவருடைய நூல்களின் ஏற்றமும் இறக்கமும் நம் வீட்டுக்கும் ஒரு செய்தி சொல்கின்றன.

அலகாபாத்தில் எழுந்த ஒரு வாதம்

இப்னெ ஸஃபீயின் இயற்பெயர் அஸ்ரார் அஹ்மத். அலகாபாத் மாவட்டத்து நாரா என்னும் ஊரில் 1928ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பிறந்தார். தந்தையின் பெயர் ஸஃபியுல்லாஹ். ‘ஸஃபீயின் மகன்’ என்பதே பின்னாளில் அவர் பூண்ட புனைபெயரின் பொருள். இளமையில் அவர் கவிஞர். ‘அஸ்ரார் நார்வி’ என்ற பெயரில் கஸல்கள் பாடினார். ‘துக்ரல் ஃபர்கான்’ என்ற பெயரில் நையாண்டிக் கட்டுரைகள் தீட்டினார். அலகாபாத்தில் அப்பாஸ் ஹுஸைனி நடத்திய ‘நிக்ஹத்’ இதழைச் சூழ்ந்த இளைஞர் குழாத்தில் அவரும் ஒருவர். பின்னாளில் தொலைக்காட்சி மகாபாரதத்திற்கு உரையாடல் எழுதிப் புகழ் பெற்ற ராஹி மாஸூம் ரஸாவும் அக்குழாத்தைச் சேர்ந்தவரே.

அந்த நண்பர் அவையில் ஒரு நாள் ஒரு வாதம் எழுந்தது. உருதுவில் விற்பவை காமச் சுவை மலிந்த கதைகள் மட்டுமே, வேறு எதற்கும் சந்தை இல்லை என்றார் ஒருவர். அஸ்ரார் அஹ்மத் அதை மறுத்தார். அந்த வெள்ளத்தைத் தடுக்க எவரும் தக்க முயற்சி செய்யவில்லை என்பதே உண்மை என்றார். அப்படியானால் செய்து காட்டலாமே என்ற அறைகூவல் பிறந்தது. தம் எழுத்து வாழ்வு தொடங்கிய கதையை விவரிக்கும் கட்டுரையில் அவரே இந்நிகழ்ச்சியைக் குறித்திருக்கிறார். சிறு வயதில் ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ என்னும் மாயக் கதைக் கடலில் மூழ்கித் திளைத்தவர் அவர். ரைடர் ஹாகர்டின் ஆங்கில நாவலை உருது மொழிபெயர்ப்பில் படித்து வியந்தவர். மக்களைக் கட்டிப் போடக் காமம் தேவையில்லை, கதை போதும் என்பதைத் தம் சிறுவயது அனுபவத்திலிருந்தே அவர் அறிந்திருந்தார்.

இதன் விளைவாக, 1952ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘ஜாஸூஸி துன்யா’, அஃதாவது ‘துப்பறியும் உலகம்’ என்னும் மாத வெளியீட்டின் முதல் நாவல் ‘திலேர் முஜ்ரிம்’ அலகாபாத்திலிருந்து வெளிவந்தது. ‘துணிந்த குற்றவாளி’ என அதனைத் தமிழில் கூறலாம்.

துப்பறியும் கதை உருதுவுக்குப் புதிதன்று. ஜஃபர் உமரின் ‘நீலி சத்ரி’ 1916இலேயே வெளிவந்திருந்தது. அதன் மூலம் மோரிஸ் லெப்லாங்கின் பிரெஞ்சுக் கதை. தீரத் ராம் ஃபிரோஸ்பூரி என்பார் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களை ஏராளமாக மொழிபெயர்த்துத் தந்திருந்தார். இவை யாவும் அயல் நாட்டுச் சரக்கு. லண்டன் மூடுபனியிலும் பாரிஸ் மாளிகைகளிலும் நடந்தவை உருது உடை உடுத்து வந்தன. இப்னெ ஸஃபீயின் முதல் நாவலும் ஓர் ஆங்கில நாவலின் தழுவலே. விக்டர் கன் எழுதிய அக்கதையின் கருவைக் கையாண்டதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அங்கிருந்து வெகு விரைவில் விலகி, நம் நாட்டு நவாபுகளும் கல்லூரி மாணவரும் கள்ளக் கடத்தற்காரரும் நடமாடும் சொந்தக் கதையுலகைப் படைத்துவிட்டார். உருதுத் துப்பறியும் நாவல் தன் மண்ணில் கால் ஊன்றியது அப்போதுதான்.

எல்லை கடந்த கையெழுத்துப் படி

முதல் நாவல் வெளிவந்த சில மாதங்களிலேயே, 1952 ஆகஸ்டில், அவர் தாயையும் சகோதரியையும் அழைத்துக்கொண்டு கராச்சிக்குக் குடிபெயர்ந்தார். தந்தை 1947இலேயே அங்குச் சென்றிருந்தார். நாடு பிரிந்தபோது பிரிந்த ஆயிரமாயிரம் குடும்பங்களுள் அதுவும் ஒன்று. அவ்வாண்டு அக்டோபரில் இரு நாடுகளுக்கும் இடையே பாஸ்போர்ட் முறை நடைமுறைக்கு வந்தது. அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி மறு நாட்டிலும் வாழ்ந்த வீடுகளில், ஒரு திருமணத்திற்கோ ஜனாஸாவுக்கோ செல்வதற்கும் அரசாங்க முத்திரை தேவைப்பட்டது.

ஆயினும் ஜாஸூஸி துன்யா நிற்கவில்லை. ஆசிரியர் கராச்சியில், பதிப்பாசிரியர் அலகாபாத்தில். கராச்சியிலிருந்து கையெழுத்துப் படி சென்றது, அலகாபாத்தில் அச்சேறியது. 1955 ஆகஸ்டில் ‘இம்ரான் வரிசை’ என்னும் இரண்டாம் தொடர் ‘கவ்ஃப்னாக் இமாரத்’, அஃதாவது ‘அச்சமூட்டும் மாளிகை’ என்ற நாவலுடன் தொடங்கிற்று. 1957இல் அவர் கராச்சியில் ‘அஸ்ரார் பப்ளிகேஷன்ஸ்’ என்ற சொந்தப் பதிப்பகத்தை நிறுவினார். அதன் பின்னும் அலகாபாத்துப் பதிப்பு தொடர்ந்தது. ஒரே கதைமாந்தரின் வெற்றி தோல்விகளை லாகூரிலும் லக்னோவிலும், கராச்சியிலும் ஹைதராபாத்திலும் ஒரே காலத்தில் மக்கள் படித்தனர். இரு நாட்டு உருது வாசகருக்கும் பொதுவாக எஞ்சிய சில உடைமைகளுள் இம்மாத நாவலும் ஒன்றாயிற்று.

கதை நிகழும் நாட்டுக்கு ஆசிரியர் பெயர் சூட்டவில்லை. அது இந்தியா என்றும் சொல்லவில்லை, பாகிஸ்தான் என்றும் சொல்லவில்லை. ஒரு தலைநகரம், ஒரு துறைமுகம், ஒரு மலை வாசத்தலம், அயல் நாட்டு ஒற்றர்கள் என்று மட்டுமே வரும். அண்டை நாடுகளையும் ஷக்ரால், கரகால், மக்லாக் என்று அவரே படைத்துக்கொண்டார். இதனால் எப்பக்கத்து வாசகரும் அந்நாட்டைத் தம் நாடெனக் கருத முடிந்தது. வணிகத் தேவையே இதற்குக் காரணம் என்று கொண்டாலும், பகைமை கனன்ற அந்நாளில் எவரையும் அயலவராக்காத கதை நாடு ஒன்றை அவர் படைத்தார் என்பது எளிய செயலன்று.

ஃபரீதியும் இம்ரானும்

ஜாஸூஸி துன்யாவின் தலைவர் அஹ்மத் கமால் ஃபரீதி. முதலில் இன்ஸ்பெக்டராக அறிமுகமாகிப் பின்னர்க் கர்னல் எனப்படுபவர். செல்வக் குடியிற் பிறந்தவர். வயிற்றுப் பிழைப்புக்காக அன்றி, குற்றத்தின் மீதுள்ள பகையினால் பணி புரிபவர். அறிவியல் ஆய்வுக்கூடம், பாம்புகள், வேட்டை நாய்கள் என அவர் மாளிகையே ஒரு காட்சிச்சாலை. அவருக்குத் துணையாக வரும் கேப்டன் ஸாஜித் ஹமீத் நேர்மாறானவர். ஆட்டுக் கிடா ஒன்றுக்குத் தொப்பியும் கழுத்துப் பட்டையும் அணிவித்து, ‘புக்ரா கான்’ என்று பெயரிட்டு ஊர்வலம் வரும் குறும்பர். இவர்களோடு மலை போன்ற உடலும் குழந்தை போன்ற உள்ளமும் கொண்ட காஸிம் என்னும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. ஃபரீதிக்காகப் படித்தவர் பாதி, ஹமீதின் குறும்புக்கும் காஸிமின் உளறலுக்கும் படித்தவர் பாதி எனலாம்.

இம்ரான் வேறொரு வார்ப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றவன். ஆனால் காண்போர் கண்ணுக்கு வெறும் மடையன். புலனாய்வுத் துறைத் தலைவராகிய தந்தை ரஹ்மான் அவனை வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார். சமையற்காரன் சுலைமானோடு ஓயாமல் மல்லுக்கட்டிக்கொண்டு வாடகை வீட்டில் வாழ்கிறான். நாட்டின் இரகசியச் சேவையை ‘எக்ஸ்-டூ’ என்ற பெயரில் திரைமறைவிலிருந்து நடத்தும் தலைவன் அவனே என்பது, அவன் கீழ்ப் பணிபுரிவோருக்கும் தெரியாது. தங்களை நடுங்க வைக்கும் தலைவனையே நேரில் கண்டு அவர்கள் எள்ளி நகையாடுகின்றனர். வாசகருக்கு மட்டும் உண்மை தெரியும். இந்த ஒரு சூழ்ச்சியே நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைச் சோர்வின்றி நடத்திச் சென்றது.

இவ்விரு தலைவர்களிடமும் பொதுவாகக் காணப்படும் ஒரு பண்பைக் கருத வேண்டும். இருவரும் மது அருந்துவதில்லை. இருவரும் பெண்களிடம் வரம்பு மீறுவதில்லை. இதே காலத்தில், 1953இல், ஆங்கிலத்தில் தோன்றிய ஜேம்ஸ் பாண்டு என்னும் ஒற்றனை இவர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். அவனுக்கு மதுக் கோப்பையும் மங்கையரும் இன்றியமையாதவை. இம்ரானுக்கோ வாயில் மெல்லும் சூயிங் கம் போதும். ஒழுக்கம் பேசும் நூல் விற்காது என்பார் கூற்றையும், விற்கும் நூலில் ஒழுக்கம் இராது என்பார் கூற்றையும் இப்னெ ஸஃபீ ஒரே வேளையில் பொய்யாக்கினார். அவர் அறிவுரை கூறவில்லை என்பதே இதிலுள்ள நுட்பம். நகைச்சுவை கூறினார், விறுவிறுப்பைத் தந்தார். நல்லொழுக்கம் கதைமாந்தரின் இயல்பாகத் தானே அமைந்தது. சட்டத்தை மதிக்கும் மனப்பான்மையை வளர்ப்பதே தம் நோக்கம் என்பதை அவர் வெளிப்படையாகவே சொல்லி வந்தார்.

அறிவியல் கற்பனையையும் அவர் விடவில்லை. இயந்திர மனிதன் ஒன்று நகர வீதியில் நடமாடும் கதை உண்டு. அறிவியல் வலிமையால் உலகை அடிமைப்படுத்த முயலும் ‘ஸீரோ லேண்ட்’ என்னும் மறைவான வல்லரசு பல நாவல்களில் தொடர்ந்து வரும். அணுகுண்டின் அச்சம் உலகைச் சூழ்ந்திருந்த காலம் அது. வல்லரசுகளின் சூதாட்டத்தில் சிறு நாடுகள் காய்களாவதை, அரசியல் நூல் படிக்காத எளிய வாசகரும் இக்கதைகளின் வழியே உணர்ந்தனர்.

போலிகளும், நோயும், மீட்சியும்

ஒரு நூலின் செல்வாக்கை அளக்க அதன் போலிகளே சிறந்த அளவுகோல். இப்னெ ஸஃபீயின் புகழ் ஓங்கியதும், ஓரெழுத்தை மாற்றியும் ஓரொலியைத் திரித்தும் அதே போன்ற புனைபெயர்களைப் பலர் சூட்டிக்கொண்டனர். ‘என். ஸஃபீ’ என ஒருவர், ‘நஜ்மா ஸஃபீ’ என ஒருவர். ஃபரீதியையும் இம்ரானையும் உரிமையின்றித் தம் நூல்களில் நடமாடவிட்டனர். ‘பேஷ்ரஸ்’ என்று தலைப்பிட்டுத் தம் நாவல்களுக்கு அவர் எழுதிய முன்னுரைகளில் இப்போலிகளைப் பற்றிய அங்கலாய்ப்பு அடிக்கடி வரும். அம்முன்னுரைகளே ஒரு தனி இலக்கியம். வாசகர் கடிதங்களுக்கு விடையும் நையாண்டியும் கலந்து, நேரில் அமர்ந்து பேசுவது போல் எழுதினார்.

எட்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதிய உழைப்பு அவர் உடலையும் உள்ளத்தையும் வாட்டிற்று. 1960இல் மனநோய்க்கு ஆளானார். மூன்றாண்டுகள் பேனா ஓய்ந்தது. போலிகளுக்கு அது அறுவடைக் காலம். உண்மை வாசகரோ காத்திருந்தனர். கராச்சியின் யூனானி மருத்துவர் ஹகீம் இக்பால் ஹுஸைன் அளித்த சிகிச்சையால், இறைவன் அருளால், அவர் நலம் பெற்றார்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் ‘டேட் மத்வாலே’ என்ற இம்ரான் நாவல் வெளிவந்தது. இந்தியப் பதிப்பின் வெளியீட்டு விழா அலகாபாத்தில் நடைபெற்றது. வெளியிட்டவர் லால் பகதூர் சாஸ்திரி. நம் மாநில முதலமைச்சர் காமராசர் வகுத்த திட்டத்தின்படி மத்திய உள்துறை அமைச்சர் பதவியை அவ்வாண்டு ஆகஸ்டில் துறந்திருந்த அவர், மறு ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவின் பிரதமரானார். பாகிஸ்தானில் வாழும் எழுத்தாளர் ஒருவரின் துப்பறியும் நாவலை இந்தியத் தலைவர் ஒருவர் வெளியிட்டார் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதற்பதிப்பு விற்றுத் தீர்ந்து, ஒரு வாரத்திற்குள் இரண்டாம் பதிப்பு அச்சிட நேர்ந்தது.

அதன் பின்னும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். இரு வரிசைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 245 நாவல்கள். 1980ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், தம் 52ஆம் பிறந்த நாளன்றே, கணையப் புற்றுநோயால் கராச்சியில் மறைந்தார். ‘ஆக்ரீ ஆத்மீ’, அஃதாவது ‘கடைசி மனிதன்’ என்ற நாவல் முற்றுப்பெறாமல் நின்றது.

விண்ணப்பமும் மாத நாவலும்

இவ்வெழுத்தாளரின் நாவல்கள் பரவிய பத்தாண்டில், அவர் பிறந்த மாநிலத்தில் உருதுவின் நிலை என்ன? 1951இல் உத்தரப் பிரதேச ஆட்சிமொழிச் சட்டம் தேவநாகரி எழுத்திலான இந்தியை அரசின் மொழியாக்கிற்று. நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் உருது பின்னடைந்தது. பள்ளிகளில் உருது வழியாகக் கற்கும் வாய்ப்புக் குறுகிற்று. இதனை எதிர்த்து அஞ்சுமன் தரக்கீ உருது அமைப்பினர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர். டாக்டர் ஜாகிர் ஹுஸைன் தலைமையில் சென்ற குழு 1954 பிப்ரவரியில் அவ்விண்ணப்பத்தைக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்திடம் அளித்தது. உடனடிப் பயன் எதுவும் விளையவில்லை. உத்தரப் பிரதேசத்தில் உருது இரண்டாம் ஆட்சிமொழி ஆனது 1989இல்தான். அச்சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014இல்.

விண்ணப்பம் அளித்த பெருமக்கள் ஒருபுறம் நிற்க, அதே ஆண்டுகளில் அலகாபாத்துச் சந்தில் அச்சான மாத நாவல் மறுபுறம் தன் பணியைச் செய்துகொண்டிருந்தது. உருதுவால் வேலை கிடைக்காது, சான்றிதழ் கிடைக்காது, சலுகை கிடைக்காது. ஆயினும் அடுத்த மாதம் ஃபரீதி என்ன செய்வார் என்பதை உருதுவில் படித்தால்தான் அறிய முடியும். பயனேதும் இல்லாத காலத்தில் ஒரு மொழியைப் படிப்பதற்கு இன்பம் ஒரு காரணமாக நின்றது. இந்நாவல்களைப் படிப்பதற்காகவே உருது எழுத்துக் கற்றவர்கள் உண்டு என்ற செய்தி வடநாட்டில் பரவலாகப் பேசப்படுவது.

இதைத் திறனாய்வாளர் கண்டுகொள்ளவில்லை. 1936இல் தொடங்கிய முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் அளவுகோலில் துப்பறியும் கதைக்கு இடமில்லை. மரபுவாதிகளின் அளவுகோலிலும் இல்லை. பாடப் புத்தகத்தினுள் மறைத்து வைத்துப் படித்த பிள்ளைகளைக் கண்டித்த பெரியவர்கள், தாமே இரவில் அந்நூலை எடுத்துப் படித்த கதைகளுக்குப் பஞ்சமில்லை. இந்த மௌனம் கலைய நெடுங்காலமாயிற்று. உருதுத் திறனாய்வின் சிகரங்களுள் ஒருவரான ஷம்ஸுர் ரஹ்மான் ஃபாரூக்கி, இப்னெ ஸஃபீயின் நான்கு நாவல்களைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2011இல் அவற்றை வெளியிட்டது நம் சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம். தமிழ்ச் சில்லறைக் கதைகள் என ஒதுக்கப்பட்டவற்றை 2008இல் ஆங்கிலத்தில் தொகுத்தளித்ததும் அதே பதிப்பகம்தான். பாகிஸ்தான் அரசு ‘சிதாரயே இம்தியாஸ்’ விருதை 2020இல், அவர் மறைந்து 40 ஆண்டுகள் சென்றபின் அறிவித்தது.

ஒரு நூல், இரு விதிகள்

இதுவரை கூறியதைக் கேட்டு, வெகுமக்கள் இலக்கியம் ஒன்றே ஒரு மொழியைக் காப்பாற்றிவிடும் என்று முடிவு கட்டிவிடலாகாது. வரலாறு அங்கே நிற்கவில்லை.

ஜாஸூஸி துன்யா இந்தியிலும் வெளிவந்தது. அப்பதிப்பில் ஃபரீதி ‘வினோத்’ ஆனார், இம்ரான் ‘ராஜேஷ்’ ஆனான். கதை அதே கதை. மாறியது எழுத்தும் பெயரும். உருது எழுத்தறியாத பெருங்கூட்டத்திற்கு இன்பம் கிட்டியது நன்றே. ஆனால் பள்ளியில் உருது கல்லாது வளர்ந்த பிள்ளைகளும் அவ்வழியே சென்றனர். பாட்டனார் உருதுவில் படித்ததைப் பேரன் தேவநாகரியில் படிக்கும் நிலை பல வீடுகளில் ஏற்பட்டது. அதற்கடுத்த தலைமுறையினர் சிலர் ஆங்கிலத்தில் படித்தனர். கராச்சியிலும் லாகூரிலும் இந்த மாற்றம் நேரவில்லை. அங்கே உருதுவுக்குப் பள்ளி உண்டு, அலுவலகம் உண்டு. எனவே அதே நாவல்கள் அதே எழுத்தில் மீண்டும் மீண்டும் அச்சேறின.

அதே பத்தாண்டில் தமிழில் நிகழ்ந்ததையும் ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்ந்து வந்தது. வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த தமிழ்க் குடும்பங்கள் பல. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறிந்துகொண்டிருந்த காலமும் அதுவே. 1956இல் சென்னை மாநில ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அரசின் மொழியாக்கிற்று. பள்ளியும் அரசும் பக்கபலமாக நின்றமையால், அன்று தாய் படித்த கதையை மகளும் பேத்தியும் அதே தமிழில் படிக்க முடிந்தது. 2022இலும் 2023இலும் அக்கதை திரைப்படமாக வந்தபோது மூல நூலைத் தேடி இளைஞர் ஓடியதும் அதனால்தான்.

ஆகவே உண்மை இதுதான்: மக்கள் விரும்பும் கதை, இருக்கும் வாசகரைக் கலையாமல் காக்கும். புதிய வாசகரை உருவாக்கப் பள்ளி வேண்டும். பள்ளி இருந்து கதை இல்லையேல் கற்றவர் எழுத்தை மறப்பர்; கதை இருந்து பள்ளி இல்லையேல் கதை மட்டும் வேறு மொழிக்குக் குடிபெயர்ந்துவிடும். உத்தரப் பிரதேசத்தில் இப்னெ ஸஃபீ ஒரு தலைமுறைக் காலம் தனி ஒருவராகத் தாங்கிப் பிடித்தார். தனி ஒருவர் தாங்கக்கூடியது அவ்வளவுதான்.

நமக்குரிய பாடம்

இச்செய்தி நமக்கு ஏன் வேண்டும்? வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கு இதன் பொருள் விளக்காமலே விளங்கும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நமக்கும் இதையொத்த அனுபவம் உண்டு. அரபுத்தமிழை எண்ணிப் பாருங்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அம்முறையில் மார்க்கச் சட்ட நூல்களும், மாலைகளும், கதைகளும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் பெருகி வழங்கின. தமிழ் எழுத்துப் பள்ளிக்குச் செல்லாத நம் பாட்டிமார், ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே அவற்றைப் படித்தனர். அவர்களை எழுத்தறியாதவர் என்று பிறர் கணக்கெடுத்திருக்கலாம். அவர்களோ நாள்தோறும் படித்துக்கொண்டிருந்தனர். அவ்வெழுத்தைக் கற்பிப்பது நின்றபோது, அந்நூல்கள் பெட்டியின் அடியில் கிடக்கும் பழந்தாள்களாயின.

நம் சமுதாயத்தின் கதை முயற்சியும் இளையதன்று. கண்டி தந்த அறிஞர் சித்தி லெப்பை 1885இலேயே ‘அசன்பே சரித்திர’த்தைத் தந்தார், தமிழ் நாவல் பிறந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார்; அதற்கு முன்னுரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர். இப்பெயர்களை மேடையில் பெருமையோடு சொல்கிறோம். அந்நூல்களை வீட்டில் வைத்திருப்போர் எத்தனை பேர்? பெருநூல்களின் நிலையே இதுவானால், நம் இதழ்களில் வந்து மறைந்த தொடர்கதைகளையும், விழாக்களின்போது விற்ற சிறு நூல்களையும் யார் எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள்?

உயர்ந்த நூல்களை அறிஞர் காப்பர். எளிய நூல்களைக் காக்கும் கடமை குடும்பங்களுடையது. பழைய புத்தகம் என்று எடைக்குப் போடுமுன், அதில் நம் பாட்டியார் எதை விரும்பிப் படித்தார் என்பதற்கான சான்று இருக்கக்கூடும் என எண்ண வேண்டும். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளை ஒருவராவது அவரிடம் அவ்வெழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். மதரஸாக்களில் வாரம் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குவது இயலாத காரியமன்று. பிள்ளைகள் கதைப் புத்தகத்தோடு அமர்ந்தால் ‘வீண் வேலை’ என்று கடிந்துகொள்ளாதிருப்பதும் மொழிக்குச் செய்யும் தொண்டே. நல்ல கதை கிடைக்கவில்லை என்று குறைகூறுவோர், அலகாபாத்தில் ஓர் இளைஞர் செய்தது போல், அதை எழுதிக் காட்டத் துணிய வேண்டும்.

காமம் இல்லாமல் கதை விற்காது என்று சொன்ன நண்பரின் பெயரை வரலாறு மறந்துவிட்டது. மறுத்து எழுதியவரின் பெயரை, எல்லையின் இருபுறமும் இருந்து மக்கள் நினைவில் வைத்திருக்கின்றனர். அவர் எழுதிய எழுத்தை அவர் பிறந்த மண்ணின் பிள்ளைகள் அவ்வெழுத்திலேயே படிக்க முடியுமா என்பது, அங்குள்ள பெற்றோர் கையிலும் பள்ளிகள் கையிலும் இருக்கிறது. நம் நூல்களைப் பொறுத்தவரை அது நம் கையில் இருக்கிறது.